ஒரு பானை ஓடு கண்ணாடிப் பெட்டிக்குள் வரும் வழி

உள்ளங்கையில் அடங்கிவிடும் ஒரு பானை ஓட்டை நினைத்துக்கொள்ளுங்கள். உள்பக்கம் கருப்பு, வெளிப்பக்கம் சிவப்பு. அகழாய்வு நடந்த கீழடியிலும் கொடுமணலிலும் இந்த வகை ஓடுகள் கூடை கூடையாகக் கிடைக்கின்றன. ஏதோ சிலவற்றில் மட்டும் கூரான எதையோ வைத்து யாரோ கீறிய எழுத்து இருக்கும். கீழடியில் தமிழ்நாடு தொல்லியல் துறை 2018-இல் நடத்திய நான்காம் கட்ட அகழாய்வில் மட்டும் தமிழி (தமிழ் பிராமி) எழுத்துப் பொறித்த 56 ஓடுகள் கிடைத்தன. அவற்றில் ஆதன், குவிரன் என்று பெயர்கள் படிக்கப்பட்டிருக்கின்றன.

மண்ணிலிருந்து வந்த ஓட்டைக் கழுவி, எண் போட்டு, படம் எடுத்து, வரைந்து, பெட்டியில் வைத்துவிடுவார்கள். அந்தப் பெட்டியிலிருந்து அருங்காட்சியகத்தின் கண்ணாடிப் பேழைக்கு அது வந்து சேர்வதற்குள் என்னென்ன நடக்கிறது என்பதுதான் இந்தக் கட்டுரை. "அதில் என்ன இருக்கிறது? கண்ணாடிக்குள் வைத்து, பக்கத்தில் பெயர் எழுதி ஒட்டினால் முடிந்தது" என்று பலர் நினைக்கிறார்கள். நானும் இந்த வேலைக்கு வருவதற்கு முன் அப்படித்தான் நினைத்தேன். பேனல் வடிவமைக்கத்தான் என்னைக் கூப்பிட்டார்கள். எழுத்தும் படமும் என் பொறுப்பு. ஆனால் ஒரு பேனலின் அளவை முடிவு செய்வதற்கே பொருளைப் பற்றியும், அதைப் பார்க்க வருகிறவரின் கழுத்து, கால், கண் பற்றியும் தெரிந்திருக்க வேண்டும் என்பது முதல் வாரத்திலேயே புரிந்துவிட்டது.

பொருளுக்கு ஒரு உடம்பு இருக்கிறது, வருகிறவருக்கு ஒரு உடம்பு இருக்கிறது. இரண்டின் தேவையும் ஒன்றுக்கொன்று எதிரானது. பொருளுக்கு இருட்டு வேண்டும், மாறாத காற்று வேண்டும், யாரும் தொடாமல் இருக்க வேண்டும். வருகிறவருக்கு வெளிச்சம் வேண்டும், கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும், முடிந்தால் தொட்டும் பார்க்க வேண்டும். காட்சி வடிவமைப்பு என்றால் இந்த இரண்டு பேருக்கும் நடுவில் உட்கார்ந்து பஞ்சாயத்து பேசுவது.

வருகிறவரின் கால் வலி

1916-இல் பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தின் செயலாளராக இருந்த பெஞ்சமின் ஐவ்ஸ் கில்மன் ஒரு சோதனை செய்தார். நல்ல பார்வையுள்ள, விவரமான ஒருவரை அழைத்து, காட்சிப் பொருள்களைப் பார்த்துச் சில எளிய கேள்விகளுக்கு விடை சொல்லச் சொன்னார். அவர் விடை தேடும்போது எப்படி நிற்கிறார் என்பதைப் படம் எடுத்தார்கள். அந்தப் படங்களில் அந்த மனிதர் குனிகிறார், குத்துக்காலிடுகிறார், கழுத்தை முறுக்குகிறார், கீழ்த்தட்டில் இருப்பதைப் பார்க்கத் தரையோடு தரையாகிறார். இப்படி வரும் அலுப்புக்குக் கில்மன் வைத்த பெயர் 'அருங்காட்சியகச் சோர்வு'. நூறாண்டு கழித்தும் அந்தச் சொல்லைத்தான் இந்தத் துறையில் பயன்படுத்துகிறார்கள். சோர்வுக்குக் காரணம் பார்க்கிறவருக்கு ஆர்வம் இல்லாதது அல்ல, பேழையின் உயரமும் பொருள் வைத்த இடமும்தான் என்பதை அந்தப் படங்கள் காட்டின.

அதனால் முதல் கேள்வி எப்போதும் உயரம். நிற்கும் பெரியவரின் கண்மட்டம் தரையிலிருந்து ஏறக்குறைய ஒன்றரை மீட்டர். ஆனால் வருகிறவர்கள் எல்லாரும் நிற்கும் பெரியவர்கள் இல்லையே. சக்கர நாற்காலியில் வருகிறவர் இருக்கிறார், மூன்றாம் வகுப்புப் பிள்ளை இருக்கிறது. சிறிய பொருள்களைத் தரையிலிருந்து ஒரு மீட்டருக்கு மேல் வைக்க வேண்டாம் என்று அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் நிறுவனம் தன் வழிகாட்டுக் குறிப்பில் சொல்கிறது. நம் ஓட்டை அந்த உயரத்தில் கொஞ்சம் சாய்த்து வைத்தால் பெரியவர் லேசாகத் தலை குனிந்தால் போதும், குழந்தைக்கு நேராகத் தெரியும், நாற்காலியில் இருப்பவருக்கு முட்டி இடிக்காமல் பேழையின் அடியில் இடம் விட்டால் கிட்ட வர முடியும். சுவரில் அழகாக, உயரமாக மாட்டலாம் என்று கட்டடக்கலைஞர் சொல்வார். அழகாகத்தான் இருக்கும். எழுத்துதான் யாருக்கும் தெரியாது.

இரண்டாவது, நேரம். அமெரிக்காவில் பெவர்லி செரல் என்பவர், மக்கள் எவ்வளவு நேரம் இருக்கிறார்கள், எங்கெங்கே நிற்கிறார்கள் என்று நூறு காட்சிகளுக்கு மேல் எடுத்த கணக்குகளைத் திரட்டிப் பார்த்தார். பெரிய காட்சியோ சின்னக் காட்சியோ, பெரும்பாலானவர்கள் 20 நிமிடத்துக்குள் வெளியே வந்துவிட்டார்கள். இதைக் கேட்டதும் எனக்கு முதலில் வருத்தமாகத்தான் இருந்தது. இரண்டு வருடம் உழைப்பு, 20 நிமிடப் பார்வை. அப்புறம் யோசித்தால், குடும்பத்தோடு வந்தவர், ஒரு கையில் குழந்தை, இன்னொரு கையில் பை, வெளியே வேன் காத்திருக்கிறது. அந்த 20 நிமிடத்தையும் நமக்குத்தான் கொடுக்கிறார். அதை வீணாக்காமல் இருப்பது நம் கடமை.

கட்டடமே இதற்கு உதவலாம். 2023 மார்ச் 5-ஆம் தேதி திறந்த கீழடி அருங்காட்சியகத்தைச் செட்டிநாட்டு வீட்டுப் பாணியில், தனித்தனித் தொகுதிகளாகக் கட்டியிருக்கிறார்கள். வேளாண்மை, நெசவு, கடல்வணிகம் என்று ஒவ்வொன்றும் தனி. ஒரே நீளக் கூடமாக இல்லாமல் ஒரு கதையை முடித்துவிட்டு அடுத்ததற்கு நடப்பது என்பது காலுக்கும் நல்லது, மனசுக்கும் நல்லது.

ஐம்பது சொல்

இந்த வேலையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான், அதனால் இங்கே கொஞ்சம் அதிக நேரம் எடுத்துக்கொள்கிறேன்.

அருங்காட்சியகத்தில் இருக்கும் எழுத்தை நின்றுகொண்டு படிக்கிறார்கள். புத்தகம் போல மடியில் வைத்துப் படிப்பதில்லை, பின்னாலிருந்து யாரோ நகரச் சொல்லிக்கொண்டே இருப்பார்கள். ஆகவே ஒரு பொருளுக்கான குறிப்பு ஐம்பது சொல்லைத் தாண்டாமல் இருப்பது நல்லது. நம் ஓட்டுக்கு முதலில் வரும் குறிப்பு பெரும்பாலும் இப்படி இருக்கும்:

"கருப்பு-சிவப்புப் பானை ஓடு. தமிழி எழுத்துப் பொறிப்புடன் கூடியது. அகழாய்வுக் குழி எண்…, ஆழம்…, செ.மீ."

இதில் ஒரு தவறும் இல்லை. பதிவேட்டுக்கு இதுதான் வேண்டும். ஆனால் கண்ணாடி முன்னால் நிற்பவருக்கு இது எங்கே பார்க்க வேண்டும் என்று சொல்லவில்லை. அந்தக் கீறல் எழுத்து என்பதே பலருக்குத் தெரியாது, விரிசல் என்று நினைத்துப் போய்விடுவார்கள். எனவே இரண்டாவது முயற்சி:

"இது யாருடைய பானை? விளிம்புக்குக் கீழே, தோள் வளையும் இடத்தில் பாருங்கள். மூன்று எழுத்து: ஆ, த, ன். சுட்ட பானையில் கூரான எதையோ வைத்துக் கீறியது. ஆதன் என்பது ஒருவருடைய பெயர். நம் வீட்டு எவர்சில்வர் குடத்தில் பெயர் வெட்டுவது போல, இந்தப் பானைக்குச் சொந்தக்காரர் தன் பெயரை எழுதிவைத்தார்."

படித்ததும் கண் தானாக ஓட்டின் தோளுக்குப் போகிறது. போய், மூன்று எழுத்தைத் தேடுகிறது. குறிப்பு வேலை செய்கிறது என்று அர்த்தம். நல்ல குறிப்பு வாசகரின் கண்ணைத் தன்னிடம் பிடித்து வைத்துக்கொள்ளாது, பொருளிடம் திருப்பி அனுப்பும்.

இப்போது இதைக் காப்பாட்சியரிடம் கொண்டுபோக வேண்டும். பொருளைப் பற்றிய முழுப் பொறுப்பும் அவருடையது. அவர் கடைசி வரியில் பேனாவை வைப்பார். "சொந்தக்காரர் எழுதினார் என்று நமக்கு எப்படித் தெரியும்? பானை செய்தவர் பெயராக இருக்கலாம். யாருக்கோ கொடுக்க எழுதியதாக இருக்கலாம்." ஆக 'இருக்கலாம்' என்ற ஒரு சொல்லைச் சேர்க்க வேண்டும். எழுதுகிறவருக்கு அந்தச் சொல் பிடிக்காது, வரியின் வேகம் குறைகிறது. நான் இதில் காப்பாட்சியர் பக்கம். அரசு முத்திரையோடு சுவரில் எழுதியிருப்பதை மக்கள் அப்படியே நம்புகிறார்கள். அந்த நம்பிக்கைக்கு நாம் கொடுக்கும் மரியாதைதான் 'இருக்கலாம்'. கடைசியில் அந்த வரி "இந்தப் பானைக்குச் சொந்தக்காரர் தன் பெயரை எழுதிவைத்திருக்கலாம்" என்று ஆனது. இரண்டு பேருக்கும் திருப்தி.

சங்க இலக்கியத்தில் நெடுஞ்சேரலாதன், வாழியாதன் என்று சேர அரசர் பெயர்களில் இந்த ஆதன் வருகிறது. இதையும் சேர்க்க ஆசை வரும். சேர்த்தால் எண்பது சொல் ஆகிவிடும். அதனால் அடுக்கு முறை: பெரிய எழுத்தில் கேள்வி, அதற்குக் கீழே ஐம்பது சொல், இன்னும் வேண்டும் என்பவர்களுக்குப் பக்கவாட்டுப் பேனலில் சேரர் பெயர்கள். ஓடிக்கொண்டே போகிறவர் கேள்வியை மட்டும் படித்தாலும் ஏதோ ஒன்றை எடுத்துக்கொண்டு போவார்.

காலத்தைச் சொல்வதிலும் இதே சிக்கல். கி.மு. ஆறாம் நூற்றாண்டு என்றால் கி.மு. 600-இலிருந்து 501 வரை. எண் குறையக் குறையக் காலம் முன்னே வருகிறது. பழகியவர்களுக்கு இது ஒன்றுமில்லை, பத்து வயதுப் பிள்ளைக்குத் தலை சுற்றும். "இன்றைக்கு ஏறக்குறைய 2,500 ஆண்டுகளுக்கு முன்" என்று சொல்லி, கி.மு. கணக்கைச் சின்ன எழுத்தில் கீழே கொடுப்பது என் பழக்கம்.

இல்லாததைக் காட்டுவது

கையில் இருப்பது பானையின் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. மீதியை எப்படிக் காட்டுவது?

விளிம்புப் பகுதி ஒட்டியிருக்கும் ஓடு என்றால், வட்டத்துக்குள் வட்டமாக வரைந்த ஒரு தாளில் அந்த விளிம்பைப் பொருத்திப் பார்த்து, முழுப் பானையின் வாய் எவ்வளவு அகலம் என்று தொல்லியலாளர்கள் கணக்கிட்டுவிடுவார்கள். அதே வகையில் முழுசாகக் கிடைத்த பானைகளோடு ஒப்பிட்டு உருவத்தையும் வரைவார்கள். அந்தக் கோட்டுச் சித்திரத்தை நான் வாங்கி, பேழையின் பின்சுவரில் உண்மை அளவில், மெல்லிய ஒற்றைக் கோட்டால் முழுப் பானையையும் வரைவேன். ஓட்டைத் தாங்கும் கம்பியைச் செய்கிறவர், அந்தக் கோட்டுப் பானையின் தோளில் எந்த இடத்தில் அது இருந்ததோ மிகச் சரியாக அங்கே, அதே சாய்வில் ஓட்டை நிறுத்துவார். தூரத்திலிருந்து பார்த்தால் ஒரு பானை தெரியும். கிட்டப் போனால் அதில் ஒரு கைப்பிடி அளவுதான் மண், மீதி வெறும் கோடு என்று தெரியும். எது உண்மை, எது நம் ஊகம் என்பதை ஒரு சொல்கூட எழுதாமல் காட்டிவிடலாம்.

உடைந்த பானையை ஒட்டி, இல்லாத இடத்தை நிரப்பும்போதும் இதே நேர்மைதான். பழுதுபார்ப்பவர்களிடம் ஒரு கணக்கு உண்டு: நிரப்பிய இடம் ஆறடி தூரத்தில் கண்ணை உறுத்தக் கூடாது, ஆறு அங்குலத்தில் பார்த்தால் கட்டாயம் தெரிய வேண்டும்.

இதைப் பெரிய அளவில் செய்திருப்பது ஏதென்ஸில் 2009-இல் திறந்த அக்ரோபோலிஸ் அருங்காட்சியகம். பார்த்தெனான் கோயிலைச் சுற்றியிருந்த 160 மீட்டர் சிற்ப வரிசையில் ஏறக்குறைய பாதி இன்று லண்டனில் இருக்கிறது. ஏதென்ஸில் எஞ்சியிருக்கும் கற்களை அவை கோயிலில் இருந்த வரிசையிலேயே மேல்மாடியில் வைத்து, லண்டனில் இருப்பவற்றின் இடத்தில் வெள்ளைச் சுண்ண அச்சுகளை வைத்திருக்கிறார்கள். பழைய கல்லின் நிறமும் வெளுத்த வெள்ளையும் மாறி மாறி வரும்போது, இங்கே இல்லாதது எவ்வளவு என்று கண்ணே எண்ணிக்கொள்கிறது. ஜன்னலுக்கு வெளியே அந்தக் கோயிலே தெரிகிறது.

நம் பக்கத்தில் இதைவிடக் கடினமான ஒன்று உண்டு. சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தின் செப்புத்திருமேனிக் கூடத்தில் திருவாலங்காட்டு நடராசரின் முன்னால் போய் நின்றிருப்பீர்கள். பலர் கைகூப்புவதை நான் பார்த்திருக்கிறேன். இத்தகைய திருமேனிகள் பட்டும் மாலையும் சார்த்தி, தோளில் தூக்கி வீதி உலா போனவை. பெட்டிக்குள் அவை அசையாமல், அலங்காரம் இல்லாமல் நிற்கின்றன. அந்த ஊர்வலத்தை எப்படிக் காட்டுவது? அடுத்த முறை போகும்போது சோழர் காலத் திருமேனிகளின் பீடத்தைப் பாருங்கள். பக்கவாட்டில் துளைகளோ வளையங்களோ இருக்கும். தூக்கிச் செல்லும் கழிகளை அதில்தான் கோத்துக் கட்டினார்கள். ஒரு விளக்கக் குறிப்பு அந்தத் துளையை மட்டும் சுட்டிக்காட்டினால் போதும், பார்க்கிறவர் மனசில் வீதி உலா தானாகப் புறப்பட்டுவிடும்.

வெளிச்சமும் காற்றும்

வீட்டில் பெயர் வெட்டிய எவர்சில்வர் பாத்திரம் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். அறையை இருட்டாக்கி, கைபேசி டார்ச்சை நேர் எதிரே பிடியுங்கள். பளபளப்புதான் தெரியும், எழுத்து மங்கும். அப்புறம் டார்ச்சைப் பக்கவாட்டில், பாத்திரத்தோடு ஒட்டினாற்போல் பிடியுங்கள். ஒவ்வொரு கீறலுக்கும் ஒரு பக்கம் ஒளி, ஒரு பக்கம் நிழல் விழுந்து எழுத்து எழும்பி நிற்கும். நம் ஓட்டுக்கும் இதேதான். மேலிருந்து நேராக விளக்குப் போட்டால் ஆதன் காணாமல் போய்விடுவான். பக்கவாட்டில், தாழ்வாக, ஒரு சின்ன எல்இடி போதும். பொருத்துகிற நாளில் அந்த விளக்கை ஒரு விரற்கடை நகர்த்தி, பார்த்து, மறுபடி நகர்த்தி, ஒரு மணி நேரம் செலவழிப்பது சாதாரணம்.

சுட்ட மண்ணுக்கு வெளிச்சத்தால் பெரிய கேடு இல்லை. ஓலைச்சுவடி, சாயம் போட்ட துணி, காகிதம் இவற்றுக்கு உண்டு. அவற்றுக்கு 50 லக்ஸுக்கு (லக்ஸ் என்பது வெளிச்சத்தை அளக்கும் அலகு) மேல் வெளிச்சம் கூடாது என்பது உலகெங்கும் பின்பற்றும் அளவு. அலுவலக மேசையில் 300 முதல் 500 லக்ஸ் இருக்கும், உச்சி வெயிலில் ஒரு லட்சம். ஒளி செய்யும் சேதம் சேர்ந்துகொண்டே போகும், திரும்பச் சரியாகாது. இன்றைக்கு வெளுத்த சாயம் விளக்கை அணைத்தால் திரும்பி வராது. அதனால்தான் சுவடிகளைச் சில மாதம் காட்டிவிட்டு உள்ளே எடுத்து ஓய்வு கொடுக்கிறார்கள். "ஏன் இங்கே இவ்வளவு இருட்டு?" என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில். ஆனால் அதைக் கண் ஏற்றுக்கொள்ள நேரம் வேண்டும். வெயிலிலிருந்து நேராக 50 லக்ஸ் அறைக்குள் தள்ளினால் ஒன்றும் தெரியாது. நடுவில் மங்கலான ஒரு நடையோ முன்னறையோ வைத்து, கொஞ்சம் கொஞ்சமாக வெளிச்சத்தைக் குறைத்துக்கொண்டு போக வேண்டும். அறுபது வயதுக் கண்ணுக்குள் இருபது வயதுக் கண்ணை விட மிகக் குறைவான ஒளியே போகிறது என்பதையும் மறக்கக் கூடாது.

காற்று, கண்ணுக்குத் தெரியாத தலைவலி. ஒரு வீட்டின் ஒரு நாள் என்று கதை சொல்ல, ஓட்டோடு ஒரு இரும்புக் கத்தியையும் யானைத் தந்தச் சீப்பையும் ஒரே பேழையில் வைக்க ஆசைப்படுவோம். இரும்புக்கு உலர்ந்த காற்று வேண்டும், ஈரம் பட்டால் துரு தின்றுவிடும். தந்தத்துக்கு அதே உலர்ந்த காற்று ஆகாது, வெடிக்கும். ஓட்டுக்குள் மண்ணின் உப்பு ஊறியிருந்தால், ஈரம் ஏறி இறங்கும்போதெல்லாம் அந்த உப்பு மேலே பூத்து, மேல்தோலை உரித்துவிடும், எழுத்தோடு சேர்த்து. கதைக்கு ஒரே பெட்டி, பொருளுக்கு மூன்று பெட்டி. நாங்கள் கண்ட வழி, தனித்தனிப் பெட்டிகளை நெருக்கமாக வைத்து, பின்னால் ஒரே படத்தை மூன்றுக்கும் தொடர்ச்சியாக ஓடவிடுவது. பார்வைக்கு ஒன்று, காற்றுக்கு மூன்று. புதுச் செருப்புப் பெட்டிக்குள் வருமே சிலிக்கா ஜெல் பொட்டலம், அதே பொருளைத் தேவையான ஈரப்பதத்துக்குப் பக்குவப்படுத்தி, பேழைக்கு அடியில் தனிப் பூட்டுள்ள இழுப்பறையில் வைப்பார்கள். மாற்றுவதற்குப் பெட்டியைத் திறக்க வேண்டியதில்லை.

பேழையே விஷமாவதும் உண்டு. பல மரங்களும் பிளைவுட், மரநாரை அழுத்திச் செய்யும் எம்டிஎஃப் பலகைகளும் மெல்ல அமில ஆவியை விடுகின்றன. மூடிய பெட்டிக்குள் அது வெளியேற வழியில்லாமல் ஈயத்தையும் செம்பையும் அரிக்கும். கம்பளித் துணியிலிருந்து வரும் கந்தகம் வெள்ளியைக் கருக்கும். எந்தப் பலகை, எந்தத் துணி, எந்தப் பசை பாதுகாப்பானது என்று கண்டுபிடிக்க 1973-இல் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் ஆண்ட்ரூ ஆடி ஒரு சோதனையை உருவாக்கினார். வெள்ளி, செம்பு, ஈயம் மூன்றிலும் சின்னத் துண்டு எடுத்து, சோதிக்க வேண்டிய பொருளோடு கண்ணாடிக் குழாயில் போட்டு, கொஞ்சம் தண்ணீர் விட்டு மூடி, 60 டிகிரி சூட்டில் 28 நாள் வைக்க வேண்டும். பிறகு எடுத்து உலோகம் மங்கியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும், அவ்வளவுதான். இந்த 28 நாளை வேலைத் திட்டத்தில் எழுதிவைக்காமல் மறப்பவர்கள் அதிகம். திறப்பு விழாவுக்கு ஒரு வாரம் இருக்கும்போது பெயின்ட் அடித்து, வாசனை போவதற்குள் பொருளை வைத்துப் பூட்டுவது இந்தத் தொழிலில் நான் பார்த்த மிகப் பெரிய தப்பு.

புள்ளி, கொம்பு

இனி என் சொந்தப் பகுதி. தமிழ்ப் பேனலுக்கென்று சில தொல்லைகள் உண்டு, ஆங்கிலத்துக்கு எழுதிய வழிகாட்டிகளில் இவை இருக்காது.

முதலில் புள்ளி. கருப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்து என்றால் பார்க்கக் கம்பீரமாக இருக்கும். ஆனால் மெல்லிய எழுத்துருவில் அச்சாகும்போது மை பரவி, மெய்யெழுத்தின் புள்ளி மூடிப்போகும். 'ஆதன்' என்பது 'ஆதன' ஆகிவிடும். தமிழி எழுத்தைப் பற்றிச் சொல்லும் பேனலில் இப்படி ஆவது எவ்வளவு பெரிய குறை! அதனால் கொஞ்சம் தடித்த எழுத்துருவாக எடுத்து, புள்ளி தனியாக, உருண்டையாகத் தெரிகிறதா என்று அச்சிட்ட தாளில் பார்க்க வேண்டும். திரையில் பார்த்தால் தெரியாது.

அடுத்தது கொம்பு. சில வடிவமைப்பு மென்பொருள்களில் இந்திய மொழிகளுக்கான அமைப்பை இயக்காவிட்டால், எழுத்துக்கு முன்னால் வர வேண்டிய கொம்பு பின்னால் போய் உட்கார்ந்துகொள்ளும். ஒரு காட்சிக்கு நான்கடி அகலத் தலைப்பு ஒன்று, 'கொடுமணல்' என்று வர வேண்டியது, முதல் எழுத்தே சிதைந்து அச்சாகி வந்தது. என் கணினியில் சரியாக இருந்தது, அச்சகத்தின் கணினியில் கோப்பைத் திறந்தபோது உடைந்துவிட்டது. திறப்புக்கு முந்தைய நாள் மாலை சுவரில் ஒட்டிய பிறகு, தரை துடைக்க வந்த அம்மாதான் நின்று படித்துவிட்டு, "இது என்ன தம்பி, எழுத்து ஒரு மாதிரி இருக்கே?" என்று கேட்டார். ராத்திரியோடு ராத்திரியாக மாற்றினோம். அன்றிலிருந்து, மெய்ப்புப் பார்த்து முடிந்ததும் எழுத்துகளைக் கோட்டு வடிவமாக மாற்றித்தான் கோப்பை அனுப்புகிறேன். அச்சான பிறகு, அந்த வேலையில் சம்பந்தப்படாத ஒருவரைக் கூப்பிட்டு உரக்கப் படிக்கச் சொல்கிறேன்.

தமிழ்ச் சொற்கள் நீளமானவை. வரியின் இரண்டு ஓரத்தையும் இழுத்துச் சமமாக்கினால் நடுவில் ஓட்டை ஓட்டையாக வெளி விழும். இடது ஓரத்தை மட்டும் நேராக வைத்து, வலது ஓரத்தை அதன் போக்கில் விடுவதே படிக்கச் சுகம். சொல்லை வரி முடிவில் உடைக்காமல் இருப்பது இன்னும் நல்லது. மேலும் கீழும் சுழியும் காலும் நீள்வதால் வரிகளுக்கு நடுவில் ஆங்கிலத்தை விட அதிக இடம் கேட்கும். தமிழையும் ஆங்கிலத்தையும் ஒரே பாயின்ட் அளவில் போட்டுவிட்டுச் சமமாகக் கொடுத்துவிட்டோம் என்று நினைக்கக் கூடாது. தள்ளி நின்று பார்த்தால் கண்ணுக்கு எது முதலில் படுகிறது என்பதுதான் அளவு.

இதை எல்லாம் விட எனக்கு முக்கியமாகப் படுவது ஒன்று உண்டு: தமிழ்க் குறிப்பைத் தமிழில் யோசித்து எழுத வேண்டும். ஆங்கிலத்தில் எழுதி முடித்து, கடைசி வாரத்தில் மொழிபெயர்க்கக் கொடுத்தால், எவர்சில்வர் குடம் அங்கே வராது.

அட்டையில் ஒரு ஒத்திகை

கண்ணாடிக்கும் இரும்புக்கும் பணம் செலவழிப்பதற்கு முன், எல்லாவற்றையும் அட்டையில் செய்து பார்த்துவிடலாம். பெட்டி அளவுக்கு அட்டை, ஓட்டுக்குப் பதில் அதன் அச்சுப்படம், சாதாரணத் தாளில் குறிப்பு. செலோ டேப் போட்டு ஒட்டி, பத்துப் பேரை நிற்க வைத்தால் போதும். சான்பிரான்சிஸ்கோவில் 1969-இல் இயற்பியலாளர் பிராங்க் ஓப்பன்ஹைமர் தொடங்கிய எக்ஸ்புளோரட்டோரியம் என்ற அறிவியல் அருங்காட்சியகத்தில் இதையே தங்கள் முறையாக வைத்திருக்கிறார்கள். பட்டறையே வருகிறவர்களின் கண்ணுக்குத் தெரியும்படி இருக்கும், அரைகுறையாகச் செய்த காட்சிகளை மக்கள் நடுவில் வைத்துப் பார்த்துத் திருத்துவார்கள்.

ஒத்திகையில் "பிடித்திருக்கிறதா?" என்று கேட்டால் பிரயோசனம் இல்லை. நம் ஊரில் முகத்துக்கு நேராகப் பிடிக்கவில்லை என்று யார் சொல்வார்கள்? "என்ன பார்த்தீர்கள்?" என்று கேட்க வேண்டும். "பழைய பானை" என்றால் நாம் தோற்றோம். "ஒருத்தர் பெயர் எழுதியிருக்கு" என்றால் சரி. நாங்கள் ஒருமுறை ஓட்டின் படத்தையும் குறிப்பையும் வைத்துப் பார்த்தபோது, ஆறேழு பேர் எழுத்தைக் கண்டுபிடிக்க முடியாமல் குறிப்புக்கும் படத்துக்கும் மாறி மாறிப் பார்த்தார்கள். குறிப்பின் ஓரத்தில் அந்த மூன்று தமிழி எழுத்தையும் வரைந்து, அடியில் இன்றைய ஆ, த, ன் போட்டதும் தேடல் நின்றது. அதற்கு ஆன செலவு ஒரு தாள்.

திறந்த பிறகும் வேலை இருக்கிறது. எந்தக் காட்சியை மக்கள் அதிகம் பார்க்கிறார்கள் என்று தெரிந்துகொள்ள எப்போதும் கணக்கெடுப்பு வேண்டும் என்பதில்லை. சிகாகோவின் அறிவியல், தொழில்துறை அருங்காட்சியகத்தில், முட்டையிலிருந்து கோழிக்குஞ்சு வெளிவருவதைக் காட்டும் பெட்டியைச் சுற்றி இருந்த தரை ஓடுகளை ஆறு வாரத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டியிருந்தது. மற்ற இடங்களில் அதே ஓடுகள் பல வருடம் தாங்கின. எங்கே மாற்றுகிறோம் என்பதைத் தரை போடுகிறவரிடம் கேட்டாலே போதும்.

நான் மாலையில், மூடும் நேரத்தில் போவேன். கண்ணாடி துடைக்கிறவர் துணியும் தண்ணீரும் எடுத்து வருவதற்கு முன்னால் ஒரு சுற்று. விளக்கு வெளிச்சத்தில் சாய்வாகப் பார்த்தால் கண்ணாடியில் கைரேகை, விரல் பதிந்த இடம் எல்லாம் தெரியும். சில பெட்டிகளில் ஒன்றுமே இருக்காது. ஓடு இருக்கும் பெட்டியில், தரையிலிருந்து மூன்றடிக்குள், வரிசையாகச் சின்னச் சின்ன வட்டங்கள். மூக்கை ஒட்டிப் பார்த்த பிள்ளைகளின் மூச்சுக்கறை. தோள் வளையும் இடத்துக்கு நேராக.